ஆய்வேட்டின் இயல்களை இழுத்து இடம் மாற்ற: வேர்டு, லிபர் ஆபீஸ் வழிகாட்டி

300 பக்க ஆய்வேட்டில் ஓர் இயலைத் தூக்கி வேறிடத்தில் வைக்கச் சொல்லிவிட்டார் நெறியாளர். பெரும்பாலானவர்கள் என்ன செய்கிறார்கள்? இயலின் முதல் வரியில் மவுஸை அழுத்திப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டே போகிறார்கள். திரை தறிகெட்டு ஓடும். 40 பக்கம் தாண்டி விரல் நழுவினால் மறுபடி முதலிலிருந்து. எப்படியோ பிடித்து வெட்டி ஒட்டிவிட்டாலும் அடிக்குறிப்பு வந்ததா, படம் வந்ததா, கடைசிப் பத்தி விட்டுப்போனதா என்று ராத்திரி தூக்கம் வராது.

இந்த வேலையைப் பக்கத்தின் மேல் செய்யக் கூடாது. இடப்பக்கம் திறக்கும் தலைப்புப் பட்டியலில் செய்ய வேண்டும். அங்கே ஒரு தலைப்பைப் பிடித்து இழுத்தால் அதன் கீழுள்ள பத்தி, துணைத்தலைப்பு, அடிக்குறிப்பு எல்லாம் கூடவே வரும். அதற்குக் கோப்பு தயாராக இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். கடலூர், புதுச்சேரி டிடிபி சென்டர்களிலிருந்து எனக்குக் கிடைத்த கோப்பு எதுவும் அப்படித் தயாராக வந்ததில்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் இழுப்பது பற்றிக் கொஞ்சம்தான் இருக்கும். இழுப்பதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவைதான் நிறைய.

விளக்கத்துக்கு ஒரு கற்பனை ஆய்வேடு: கெடிலக் கரைக் கோயில்கள். முன்னுரைக்குப் பிறகு நான்கு இயல்கள், அகரவரிசையில்: திருப்பாதிரிப்புலியூர், திருமாணிகுழி, திருவதிகை, திருவந்திபுரம். “ஆறு ஓடுற வரிசையில வைங்க” என்கிறார் நெறியாளர். அப்படியானால் மேற்கே பண்ருட்டிப் பக்கமுள்ள திருவதிகை முதலில், பிறகு திருமாணிகுழி, திருவந்திபுரம், கடைசியில் கடலூருக்குள் இருக்கும் திருப்பாதிரிப்புலியூர்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் மூலக்கோப்பு. பிடிஎஃப் போதாது. தட்டச்சு செய்தவரிடம் வேர்டு கோப்பாகவே கேட்டு வாங்குங்கள். இங்கே ஒரு பொறி உண்டு. பழைய டிடிபி சென்டர்கள் சிலவற்றில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான் அடிக்கிறார்கள். 2001இல் வந்த 7.0தான் அதன் கடைசிப் பெரிய பதிப்பு. அந்தக் கோப்பில் கீழே சொல்லும் எதுவும் நடக்காது. உரையை வெளியே எடுத்து வேர்டில் கொட்டி முதலிலிருந்து அமைக்க வேண்டும். இன்னும் தட்டச்சுக்கே கொடுக்கவில்லை என்றால் உங்களுக்கு நல்ல நேரம். “வேர்டுல, யூனிகோடுல அடிச்சுக் கொடுங்க” என்று பணம் பேசும்போதே சொல்லிவிடுங்கள். (எழுத்துரு மாறினாலும் தமிழ் தமிழாகவே நிற்கும் குறியீட்டு முறைதான் யூனிகோடு.) பிறகு சொன்னால் அது தனி வேலை, தனிக் காசு.

அடுத்தது, உங்கள் பல்கலைக்கழகம் தரும் வடிவமைப்பு விதித்தாள்: ஓரம் எவ்வளவு, எழுத்தளவு எவ்வளவு, முன்பக்கங்களுக்கு ரோமன் எண்ணா என்பதெல்லாம் அதில் இருக்கும். காலாப்பட்டு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் ஒன்று, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேறொன்று. நண்பரின் ஆய்வேட்டைப் பார்த்து அப்படியே செய்யாதீர்கள்.

மூன்றாவது, புதிய வரிசையைத் தாளில் எழுதி நெறியாளரிடம் ஒப்புதல் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் “அதைக் கொஞ்சம் முன்னாடி கொண்டு வாங்க” என்பதை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினால் அடுத்த வாரம் அதே இயல் பின்னாடி போகும்.

பிறகு நகல். கோப்பின் பெயரில் தேதியைச் சேர்த்து ஒரு நகலை எடுத்து, ஒன்றை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். பென் டிரைவை மட்டும் நம்ப வேண்டாம். 2011இல் தானே புயல், 2024இல் ஃபெஞ்சல் புயல் என்று பார்த்த ஊர் இது. நவம்பர், டிசம்பரில் ஆய்வேடு முடிப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேர்டும், அதைப் போன்ற இலவச மென்பொருளான லிபர் ஆபீஸும் வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் மீட்பு நகல் எடுக்கும். அமைப்புகளில் அதை 2 நிமிடமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

2. எழுத்துருவைச் சோதியுங்கள்

ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை நிர்மலா யுஐ என்று மாற்றிப் பாருங்கள். தமிழ் தமிழாகவே இருந்தால் யூனிகோடு. நேரே 3ஆம் படிக்குப் போகலாம். ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குழம்பினால் அது பாமினி, வானவில் போன்ற பழைய முறை. மாற்றியதை உடனே அன்டூ செய்துவிடுங்கள்.

பழைய முறையில் இருந்தால் என்ன கெட்டுப்போகிறது? தலைப்புப் பட்டியல் தன் சொந்த எழுத்துருவில்தான் தலைப்புகளைக் காட்டும், உங்கள் பாமினியில் காட்டாது. பக்கத்தில் ‘திருவதிகை’ என்று அழகாக இருப்பது பட்டியலில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகத் தெரியும். எதைப் பிடித்து எங்கே இழுக்கிறீர்கள் என்றே தெரியாது. பொருளடக்கம், தேடல் எல்லாவற்றிலும் இதே கதை.

மாற்றுவதற்கு என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் உண்டு. கருவி இலவசம், உழைப்பு இலவசமில்லை. கவனிக்க வேண்டியவை:

முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் மாற்றினால் இடையிலிருக்கும் ஆங்கிலச் சொற்களும் தமிழாக மாறிக் கந்தலாகும். ஆங்கில நூற்பெயர்கள் நிறைந்த துணைநூற்பட்டியலைத் தனியாகக் கையாளுங்கள்.

உரையை நகலெடுத்துக் கருவியில் ஒட்டும்போது அடிக்குறிப்புகள் வராது, தடித்த எழுத்தும் வராது. அடிக்குறிப்பு அதிகம் என்றால் அதற்கே தனி நேரம் ஒதுக்குங்கள்.

‘ா’ வர வேண்டிய இடத்தில் ‘ர’ அடித்திருப்பார்கள். கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். பின்னால் தேடும்போதுதான் சொல் அகப்படாமல் தொல்லை தரும். மெய்ப்பு பார்க்கும்போதே திருத்திவிடுங்கள்.

நேரக் கணக்கு: யூனிகோடு கோப்பு என்றால் இந்தக் கட்டுரையின் முழு வேலையும் ஒன்றிரண்டு நாளில் முடியும். பழைய எழுத்துரு என்றால் இந்தப் படிக்கு மட்டுமே ஒரு வாரத்து மாலைப் பொழுதுகள் போகும். சமர்ப்பிக்கும் வாரத்தில் இதைத் தொடவே தொடாதீர்கள்.

3. தலைப்புக்கு ஸ்டைல் கொடுங்கள்

இதுதான் அடிப்படை வேலை. டிடிபி சென்டரில் பேச்சு இப்படித்தான் போகும்:

“அண்ணே, தலைப்புக்கெல்லாம் ஹெடிங் ஸ்டைல் போட்டிருக்கீங்களா?”

“போல்டு போட்டு 18 சைஸ் வச்சிருக்கேன் தம்பி. பளிச்சுனு தெரியுதுல்ல?”

நமக்குத் தெரிகிறது, வேர்டுக்குத் தெரியவில்லை. அதைப் பொறுத்தவரை அது கொஞ்சம் கொழுத்த பத்தி, அவ்வளவுதான். ‘ஹெடிங் 1’ என்ற ஸ்டைலைக் கொடுத்தால்தான் அதைத் தலைப்பு என்று எடுத்துக்கொண்டு பட்டியலில் சேர்க்கும்.

வேர்டில் ஒவ்வொரு தலைப்பாகப் போக வேண்டியதில்லை. ஒரு தலைப்பில் கர்சரை வையுங்கள். ஹோம் பட்டையின் வலப்பக்கம் ‘செலக்ட்’ என்று இருக்கும்; அதில் ‘ஒரே மாதிரி வடிவமைப்புள்ள எல்லா உரையையும் தேர்ந்தெடு’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி. அதைச் சொடுக்கினால் 18 சைஸ் போல்டு தலைப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் தேர்வாகும். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு 1ஐ அழுத்துங்கள்: ஹெடிங் 1. துணைத்தலைப்புகளுக்கு இதேபோல 2, அதற்கும் கீழே 3.

லிபர் ஆபீஸில் கன்ட்ரோலுடன் 1, 2, 3 அழுத்தினால் போதும். ஒரே மாதிரியானவற்றை மொத்தமாகப் பிடிக்க, கன்ட்ரோல்+எச் பெட்டியில் ‘ஃபார்மட்’ பொத்தான் வழியாகப் போல்டு, 18 என்று கொடுத்து ‘ஃபைண்ட் ஆல்’ செய்யுங்கள்.

மொத்தத் தேர்வில் ஒரு வம்பு உண்டு. பதிகப் பாடல்களையும் கல்வெட்டு வரிகளையும் தட்டச்சு செய்தவர் அதே அளவில் தடித்து வைத்திருந்தால் அவையும் தலைப்பாகிவிடும். பட்டியலைத் திறந்தால் திருவதிகைக்குக் கீழே பாடல் வரிகளாக நிற்கும். கண்ணால் ஓட்டிப் பார்த்து அவற்றைச் சாதாரணப் பத்தியாக்குங்கள்.

ஸ்டைல் கொடுத்ததும் தலைப்பு நீல நிறமாகி எழுத்துரு மாறிப் போனால் பதற வேண்டாம். ஒரு தலைப்பை மட்டும் உங்களுக்கு வேண்டிய தோற்றத்துக்குக் கொண்டு வந்து, ஸ்டைல் பெட்டியில் ‘ஹெடிங் 1’ மீது ரைட் கிளிக் செய்து, ‘தேர்வுக்கு ஏற்ப மாற்று’ என்று பொருள்படும் ‘அப்டேட்’ வரியைச் சொடுக்குங்கள். மற்ற தலைப்புகளும் அப்படியே மாறும். லிபர் ஆபீஸில் ஸ்டைலைத் திருத்தும்போது அளவை 18 ஆக்கியும் தமிழ் அசையவில்லை என்றால், மேற்கத்திய எழுத்துக்குரிய பகுதியில் மாற்றியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். தமிழுக்குரியது ‘சிடிஎல்’ அல்லது ‘காம்ப்ளக்ஸ்’ என்று தொடங்கும் பகுதி. தமிழ் ஆவணங்களில் ஆளைச் சுற்றவிடும் விஷயம் இது.

எவற்றுக்கு ஹெடிங் 1? இயல்களுக்கு மட்டும் கொடுத்தால் போதாது. முன்னுரை, முடிவுரை, துணைநூற்பட்டியல், பின்னிணைப்பு எல்லாவற்றுக்கும் கொடுங்கள். ஒரு தலைப்பின் எல்லை அதே மட்டத்திலுள்ள அடுத்த தலைப்பு வரைக்கும். துணைநூற்பட்டியலுக்கு ஸ்டைல் கொடுக்காமல் விட்டால் அது முடிவுரையின் வாலாகவே கணக்காகும். முடிவுரையை நகர்த்தினால் நூற்பட்டியலும் சேர்ந்து போகும்.

4. ‘இயல் 3’ என்று கையால் அடிக்காதீர்கள்

நம் ஆய்வேடுகளில் வழக்கம் இது: ஒரு வரியில் ‘இயல் - 3’, என்டர், அடுத்த வரியில் ‘திருவதிகை’. இரண்டுக்கும் ஹெடிங் 1 கொடுத்தால் பட்டியலில் இரண்டு தனித் தலைப்பு. ‘திருவதிகை’யை இழுத்தால் ‘இயல் - 3’ அநாதையாக அங்கேயே நிற்கும்.

கையில் அடித்த எண்ணை அழித்துவிட்டுத் தானியங்கி எண் போடுங்கள். வேர்டில் ஹோம் பட்டையிலுள்ள மல்டிலெவல் லிஸ்டில், ஹெடிங் ஸ்டைல்களோடு இணைந்த வகையைத் தேர்ந்தெடுத்து, எண்ணுக்கு முன்னால் ‘இயல்’ என்று சேர்க்கலாம். லிபர் ஆபீஸில் டூல்ஸ் மெனுவில் ‘ஹெடிங் நம்பரிங்’. பழைய பதிப்பில் அதன் பெயர் ‘சாப்டர் நம்பரிங்’. அங்கே ‘பிஃபோர்’ என்ற கட்டத்தில் ‘இயல்’ என்று அடியுங்கள். இயலை நகர்த்தினால் எண் தானாக மாறிக்கொள்ளும். முன்னுரைக்கும் துணைநூற்பட்டியலுக்கும் எண் வேண்டாம் என்றால் அந்தத் தலைப்புகளில் மட்டும் எண்ணை நீக்கிவிடுங்கள், ஸ்டைல் அப்படியே இருக்கட்டும்.

எண்ணும் பெயரும் இரண்டு வரியாகத் தெரிய வேண்டும் என்று விதித்தாளில் இருந்தால் என்டருக்குப் பதில் ஷிப்ட்+என்டர். வரி உடையும், தலைப்பு ஒன்றாகவே இருக்கும்.

படம், அட்டவணை எண்களுக்கும் இதே நியாயம். ‘படம் 3.2’ என்று கையால் அடித்தது இயல் 1 ஆன பிறகும் 3.2 என்றே நிற்கும். ‘இன்சர்ட் கேப்ஷன்’ வழியாகப் போடுங்கள்.

இந்த இடத்தில் நின்று, மொத்தச் சொல் எண்ணிக்கையைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வேர்டில் ரிவ்யூ பட்டையில், லிபர் ஆபீஸில் டூல்ஸில் இருக்கிறது. அடிக்குறிப்பின் கடைசி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். எதற்கென்று 8ஆம் படியில் தெரியும்.

5. இப்போது இழுக்கலாம்

வேர்டில்: வியூ பட்டையில் ‘நேவிகேஷன் பேன்’ கட்டத்தை டிக் செய்யுங்கள். இடப்பக்கம் தலைப்புகள் வரிசையாக வரும். வேர்டு 2010இலிருந்துதான் இதில் இழுக்கும் வசதி. 2007 வைத்திருப்பவர்கள் 6ஆம் படியிலுள்ள அவுட்லைன் வழியைப் பாருங்கள்.

உடனே இழுத்துவிடாதீர்கள். முதலில் பட்டியலைச் சுருக்க வேண்டும். ஒரு தலைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஷோ ஹெடிங் லெவல்ஸ்’ போய் ‘ஷோ ஹெடிங் 1’ என்று கொடுங்கள். 120 வரியாக இருந்த பட்டியல் ஏழெட்டு வரியாகும். நீண்ட பட்டியலில் இழுக்கும்போது அது உருண்டு தாண்டிப் போகும் தொல்லை இதோடு தீர்ந்தது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பட்டியல் விரிந்திருக்கும்போது ஓர் இயலைக் கொண்டுபோய் வேறோர் இயலின் இரண்டு துணைத்தலைப்புகளுக்கு நடுவே விட்டுவிட்டால், அந்த இயல் இரண்டாக வெட்டுப்படும். அதன் பின்பாதித் துணைத்தலைப்புகள் புதிதாக வந்த இயலுக்குப் பிள்ளைகளாகிவிடும். திருமாணிகுழிக் கல்வெட்டுகள் திருவதிகைக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும், நெறியாளர்தான் கண்டுபிடிப்பார்.

சுருக்கியாயிற்று. பட்டியல் இப்படி இருக்கிறது: முன்னுரை, திருப்பாதிரிப்புலியூர், திருமாணிகுழி, திருவதிகை, திருவந்திபுரம், முடிவுரை, துணைநூற்பட்டியல். திருவதிகையைப் பிடித்து மேலே கொண்டுபோங்கள். எங்கே விழப்போகிறது என்று ஒரு கோடு காட்டும். கோடு முன்னுரைக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் நடுவில் வந்ததும் விரலை எடுங்கள். அடுத்து திருப்பாதிரிப்புலியூரைப் பிடித்துத் திருவந்திபுரத்துக்குக் கீழே, முடிவுரைக்கு மேலே விடுங்கள். ஆற்று வரிசை வந்துவிட்டது. நான்கு இயலுக்கு இரண்டே இழுப்பு. எதை நகர்த்துவது என்று தாளில் முன்கூட்டியே யோசித்தால் இழுப்புகள் குறையும். இழுப்பு குறைந்தால் பிழையும் குறையும்.

பாதி வழியில் சந்தேகம் வந்தால் விரலை எடுக்காமலேயே எஸ்கேப் அழுத்துங்கள். விட்ட பிறகு சந்தேகம் வந்தால் கன்ட்ரோல்+இசட்.

ரைட் கிளிக் மெனுவில் ‘டெலீட்’ என்று ஒன்று இருக்கும். அது தலைப்பை மட்டும் அழிக்காது, கீழுள்ள மொத்த இயலையும் அழிக்கும். அதே மெனுவில் ‘பிரிண்ட் ஹெடிங் அண்ட் கன்டென்ட்’ என்றும் ஒன்று உண்டு. நெறியாளர் ஓர் இயலை மட்டும் தாளில் கேட்டால் பக்க எண் தேடாமல் அதை அச்சிட இது வசதி.

அட்டவணைக்குள்ளோ டெக்ஸ்ட் பாக்ஸுக்குள்ளோ இருக்கும் தலைப்புகள் பட்டியலில் வராது. இயல் தலைப்பைச் சுற்றி அழகான கட்டம் போட்டுக் கொடுத்திருந்தால் பெரும்பாலும் அது டெக்ஸ்ட் பாக்ஸ்தான். தலைப்பை வெளியே எடுத்துவிட்டு, கட்டம் வேண்டுமானால் பத்திக்கு பார்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

லிபர் ஆபீஸில்: எஃப்5 அழுத்தினால் நேவிகேட்டர். ‘ஹெடிங்ஸ்’ என்பதை விரித்து, எத்தனை மட்டம் தெரிய வேண்டும் என்று கேட்கும் பொத்தானில் 1 கொடுங்கள். நேவிகேட்டருக்குள்ளேயே மேலும் கீழும் இழுங்கள். அங்கிருந்து பக்கத்தின் மேல் இழுத்துப் போட்டால் இயல் நகராது. அந்த இடத்தில் ஓர் இணைப்பு மட்டும் முளைக்கும். “இழுத்தேன், நகரலை, நீலக் கோடு போட்ட எழுத்துதான் வருது” என்று வருபவர்களுக்கெல்லாம் காரணம் இதுதான். இழுக்கவே வேண்டாம் என்றால் தலைப்பைத் தேர்ந்தெடுத்து நேவிகேட்டரின் மேலுள்ள மேல், கீழ் அம்புகளைச் சொடுக்கலாம். எனக்கு அதுதான் பிடித்தம், கை நழுவும் பேச்சே இல்லை.

கூகுள் டாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: 2024 அக்டோபரில் வந்த டேப் வசதியில் இயலுக்கு ஒரு டேப் வைத்துக்கொண்டால் டேப்களை இழுத்து வரிசை மாற்றலாம். பல்கலைக்கழக விதித்தாளுக்கு ஏற்பக் கடைசி வடிவமைப்பை அங்கே செய்ய நான் பரிந்துரைக்க மாட்டேன்.

6. டச்பேடில் இழுக்க வரவில்லை என்றால்

லேப்டாப் டச்பேடில் அழுத்திப் பிடித்து இழுப்பது தண்டனை. வெளியில் ஒரு சாதா மவுஸ் வாங்கிவிடுங்கள். விரலில் வலி உள்ளவர்கள் விண்டோஸின் கண்ட்ரோல் பேனலில் மவுஸ், பட்டன்ஸ் பகுதிக்குப் போய் ‘கிளிக்லாக்’கை இயக்கிக்கொள்ளலாம். சிறிது நேரம் அழுத்திவிட்டு விரலை எடுத்தாலும் பிடி விடாது. மறுபடி ஒரு கிளிக் செய்தால் விடும்.

வேர்டில் மவுஸே வேண்டாம் என்றால் வியூவில் ‘அவுட்லைன்’. லெவல் 1 மட்டும் காட்டச் சொல்லிவிட்டு, தலைப்பில் கர்சரை வைத்து ஆல்ட்+ஷிப்ட்+மேல் அம்பு. சுருங்கிய இயல் முழுதாக ஒரு படி ஏறும். இதே குறுக்குவழி சாதாரணப் பக்கத்தில் ஒரு பத்தியை மட்டும் மேலே கீழே தள்ளவும் உதவும். லிபர் ஆபீஸில் பத்தி நகர்த்த கன்ட்ரோல்+ஆல்ட்+அம்பு.

ஒரு பத்தியை 15ஆம் பக்கத்திலிருந்து 210ஆம் பக்கத்துக்கு அனுப்ப வேண்டுமா? வேர்டில் அதைத் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்துங்கள். எங்கே நகர்த்த என்று கீழ்ப்பட்டையில் கேட்கும். பட்டியலில் 210ஆம் பக்கத்துத் தலைப்பைச் சொடுக்கிப் போய், கர்சரை வேண்டிய இடத்தில் வைத்து என்டர். பத்தி அங்கே போய்விடும். இதைத் தெரிந்துகொண்டபின் பக்கத்தில் உரையை இழுப்பதையே விட்டுவிட்டேன்.

7. நகர்த்தியபின் பக்க அமைப்பு கலைந்தால்

படுக்கைவாட்டில் ஒரு வரைபடம் வைத்திருந்தால் அதன் முன்னும் பின்னும் பக்க அமைப்பைப் பிரிக்கும் குறியான செக்‌ஷன் பிரேக் இருக்கும். வேர்டில் ஒரு பகுதியின் பக்க அமைப்பு அதன் முடிவிலுள்ள செக்‌ஷன் பிரேக்கில்தான் ஒளிந்திருக்கிறது. இயலை இழுக்கும்போது பிரேக் கூட வந்தாலும் கோளாறு, பின்தங்கினாலும் கோளாறு: திடீரென்று 30 பக்கம் படுத்துவிடும். ஹோம் பட்டையிலுள்ள ‘¶’ குறியைச் சொடுக்கினால் பிரேக்குகள் கண்ணுக்குத் தெரியும். வரைபடத்தின் முன்னும் பின்னும் ஒவ்வொன்று மட்டும் விட்டுவிட்டு, இயல்களுக்கு நடுவே சும்மா போட்டிருக்கும் செக்‌ஷன் பிரேக்குகளை நகர்த்தும் முன்பே எடுத்துவிடுங்கள். முன்பக்கங்களின் ரோமன் எண் முடியும் இடத்திலுள்ளதை மட்டும் தொட வேண்டாம். இயல் புதுப் பக்கத்தில் தொடங்க, ஹெடிங் 1 ஸ்டைலிலேயே ‘பேஜ் பிரேக் பிஃபோர்’ போதும்.

படங்களை வேர்டில் ‘இன் லைன் வித் டெக்ஸ்ட்’ என்று வையுங்கள். லிபர் ஆபீஸில் ‘டு பேஜ்’ என்று நங்கூரமிட்ட படம் இயலோடு வராது, பக்கத்தோடு நிற்கும். ‘டு பாராகிராஃப்’ அல்லது ‘அஸ் கேரக்டர்’ என்று மாற்றுங்கள்.

8. சரிபார்ப்பு

முதலில் எண்ணிக்கை. 4ஆம் படியில் குறித்த சொல் எண்ணிக்கையும் அடிக்குறிப்பு எண்ணும் இப்போதும் அதேதானா? அதே என்றால் எதுவும் காணாமல் போகவில்லை. ஒரு சொல் குறைந்தாலும் நகலைத் திறந்து ஒப்பிடுங்கள். வேர்டில் ரிவ்யூ பட்டையிலுள்ள ‘கம்பேர்’ உதவும்.

அடுத்து புதுப்பித்தல். வேர்டில் கன்ட்ரோல்+ஏ, பிறகு எஃப்9. பொருளடக்கம் பற்றிக் கேட்டால் ‘முழு அட்டவணையும்’ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். அடிக்குறிப்புப் பகுதிக்குள் போய் இதையே தனியாக ஒருமுறை செய்ய வேண்டும். லிபர் ஆபீஸில் டூல்ஸ், அப்டேட், ‘அப்டேட் ஆல்’. உரைக்குள் எங்காவது ‘எரர்’ என்று தொடங்கும் ஆங்கில வரி முளைத்திருந்தால் அது கோப்பின் வேறோர் இடத்தைச் சுட்டி, இப்போது அறுந்துபோன குறுக்கு மேற்கோள்; தேடிப் பிடித்துச் சரிசெய்யுங்கள்.

மென்பொருளால் முடிந்தது இவ்வளவுதான். மிச்சம் நம் தலையில்.

‘மேலது’வைத் தேடுங்கள். ஆய்வேட்டுக்காரர்களுக்கு இதுதான் பெரிய கண்ணிவெடி. ‘மேலது, ப. 45’ என்றால் இதற்கு முந்தைய அடிக்குறிப்பில் சொன்ன நூல். ஒரு துணைத்தலைப்பை மட்டும் தூக்கி வேறிடத்தில் வைத்தபின் அதன் முதல் அடிக்குறிப்பே ‘மேலது’ என்று தொடங்கினால், அது இப்போது யாரோ ஒருவருடைய நூலைச் சுட்டுகிறது. பழைய இடத்தில் அடுத்து நிற்கும் ‘மேலது’வும் அப்படியே. எண் சரியாக இருக்கும், வடிவம் சரியாக இருக்கும், பொருள் தப்பாக இருக்கும். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் பார்த்துவிட்டால் பதில் சொல்ல முடியாது. முன்பு சுட்டிய நூல் என்பதை ‘மு.நூ.’ என்று சுருக்கியிருப்பவற்றையும் இப்படியே பாருங்கள்: நூலின் முழு விவரம் இன்னும் அதற்கு முன்னால்தான் இருக்கிறதா? இனிமேல்தான் எழுதப்போகிறீர்கள் என்றால் ஸொட்டேரோ என்ற இலவச மென்பொருளில் மேற்கோள்களைப் போடுங்கள். இடம் மாறும்போது அதுவே பார்த்துக்கொள்ளும்.

பிறகு இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள்: ‘முந்தைய’, ‘அடுத்த இயல்’, ‘மேலே’, ‘மேற்கூறிய’, ‘முன்பே’, ‘கீழே’, ‘இனி’. முன்பு முதல் இயலாக இருந்த திருப்பாதிரிப்புலியூரில் “இனி வரும் மூன்று இயல்களில் காண்போம்” என்று எழுதியிருப்போம். இப்போது அதுதான் கடைசி இயல். இனி வர எதுவும் இல்லை.

சுருக்கக் குறியீடுகளும் அப்படித்தான். ‘தெ.இ.க.’ என்றால் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்று முதல் இயலில் விரித்து எழுதியிருப்பீர்கள். அந்த இயல் கடைசிக்குப் போய்விட்டது. விரிவைப் புதிய முதல் இயலுக்குக் கொண்டு வர வேண்டும். ஒரு மன்னரையோ கல்வெட்டையோ முதன்முறை அறிமுகப்படுத்தும் பத்தியும் இதே போல இடம் தவறி நிற்கும்.

இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். திரையில் பார்க்காமல், ஒவ்வோர் இயலின் முதல் இரண்டு பக்கத்தையும் கடைசி இரண்டு பக்கத்தையும் மட்டும் அச்சிட்டுப் படித்தால் சேதாரத்தில் பெரும்பகுதி பிடிபடும், தாள் செலவும் குறைவு.

9. பிடிஎஃப், அச்சு, செலவு

மென்பொருளுக்கு ஆகும் செலவு: லிபர் ஆபீஸ், ஸொட்டேரோ, என்எச்எம் கன்வெர்ட்டர் மூன்றும் இலவசம். வேர்டு பணம் கட்டி வாங்க வேண்டியது. ஏற்கெனவே இருந்தால் அதில் செய்யுங்கள். இல்லையென்றால் இதற்காகவே வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே ஆய்வேட்டை இரண்டிலும் மாற்றி மாற்றித் திறக்காதீர்கள், எண்ணும் இடைவெளியும் இசகுபிசகாகும்.

பிடிஎஃப் எடுக்கும்போது தலைப்புகளைப் புக்மார்க்காகச் சேர்க்கும் வசதியை டிக் செய்யுங்கள். வேர்டில் சேமிக்கும் பெட்டியின் ‘ஆப்ஷன்ஸ்’ உள்ளே இருக்கிறது, லிபர் ஆபீஸில் ஏற்றுமதிப் பெட்டியில் ‘அவுட்லைன்ஸ்’ அல்லது ‘புக்மார்க்ஸ்’. தேர்வாளர் 300 பக்கத்தை உருட்ட வேண்டியதில்லை. தலைப்பைச் சொடுக்கிப் போவார். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏற்றுவதற்கு இயல்வாரியாகத் தனித்தனி பிடிஎஃப் கேட்பார்கள். ஹெடிங் 1 எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்பது பொருளடக்கத்திலேயே இருப்பதால் பிரிப்பது எளிது.

கையெழுத்திட்டு ஸ்கேன் செய்த சான்றிதழ்ப் பக்கத்தை நடுவில் சேர்க்க பிடிஎஃப் அரேஞ்சர் என்ற இலவச மென்பொருள் போதும். பக்கங்கள் சின்னப் படங்களாகத் தெரியும். இழுத்து வேண்டிய இடத்தில் வைக்கலாம். இலவச அக்ரோபேட் ரீடரில் இது முடியாது. சேர்த்து முடித்ததும் புக்மார்க்குகள் இன்னும் இருக்கின்றனவா என்று ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

அச்சுக் கடைக்கு வேர்டு கோப்பைக் கொண்டுபோகவே கூடாது. அவர்கள் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் வரிகள் தள்ளிப்போய், பொருளடக்கத்தில் 112 என்று இருப்பது 115ஆம் பக்கத்தில் நிற்கும். பிடிஎஃப் மட்டும். கறுப்பு வெள்ளைக்கும் கலருக்கும் பக்க விலை பல மடங்கு வித்தியாசம். கலர்ப் பக்கங்களின் எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, “இது மட்டும் கலர், மீதி பிளாக் அண்ட் ஒயிட்” என்று சொல்லுங்கள். இயல்களை இடம் மாற்றியபின் பழைய சீட்டைக் கொடுத்துவிடாதீர்கள், பக்க எண் எல்லாம் மாறியிருக்கும். எல்லாப் படிகளையும் ஒரேயடியாக ஓடவிடாமல் முதலில் ஒரு படி அச்சிடச் சொல்லி, பொருளடக்கத்திலிருந்து நான்கைந்து பக்க எண்களைப் புரட்டிச் சரிபார்த்த பிறகு மீதிப் படிகளுக்குச் சொல்லுங்கள். பைண்டிங்குக்குத் தனி நேரம் கேட்பார்கள். பல்கலைக்கழகக் கடைசித் தேதியை ஒட்டிய நாட்களில் எல்லா ஆய்வாளர்களும் அதே கடையில்தான் வரிசையில் நிற்பார்கள் என்பதால், கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பாவது பிடிஎஃப் கடைக்காரர் கையில் இருக்கட்டும்.